ஏழு விநாடி இடைவெளி

முன்னறையில் அவள் வீட்டுக்காரர் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். பதினோரு மணி ஆகிவிட்டதென்று கடிகாரம் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. ஒரு கைப்பிடி பீன்ஸை எடுத்துக்கொண்டு, சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்புது. அது கிடைச்சுதான்னு இதுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் அவர். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அதுதான் அவர் பாணி. எந்தக் கேள்வி கேட்டாலும் மனசுக்குள் ஏழு வரை எண்ணிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை. பதில் சொல்ல இடம் விடாமல் கேட்டால் அது கேள்வியே இல்லை, வெறும் சத்தம் என்பார். ஆன்லைன் வகுப்பில் எதிரே ஒரு முகம்கூடத் தெரியாவிட்டாலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை மனுஷன்.

“குக்கர் ரப்பர் போயிடுச்சு. புதுசு வாங்கணும்,” என்றாள் அவள், அந்த ஏழு விநாடிக்குள்.

“சரி, மேல போவோம்,” என்றார் அவர்.

எது சொன்னாலும் இதே பதில்தான். குழாய் ஒழுகினாலும் சரி மேல போவோம், முட்டி வலித்தாலும் சரி மேல போவோம். கல்யாணமான புதிதில் என்றால் மல்லுக்கு நின்றிருப்பாள். இப்போது கோபமும் வருவதில்லை, சிரிப்பும் வருவதில்லை. எல்லாம் மரத்துப் போய்விட்டது.

இந்த இடத்தில் இருமுவார் என்று நினைத்தாள். இருமினார். அவள் பீன்ஸின் நாரை உரித்துக் கீழே போட்டாள்.

போன் அடித்தது. பயிற்சி நிறுவனத்தில் அவருடைய பாடங்களைக் கவனித்துக்கொள்ளும் பெண். சின்ன வயசு, மரியாதை தெரிந்தவள்.

“மேடம், சாரோட பாட விஷயமாத்தான் கூப்பிட்டேன். ஸ்டூடண்ட்ஸ் பாதியிலேயே ஓடிடறாங்க. நூறு பேர் உள்ள வந்தா, கடைசி வரைக்கும் நாலு பேர் தேறினாலே பெரிசு.”

“பாடம் புரியலையாமா?”

“அதெல்லாம் நல்லாவே புரியுதாம். கேள்வி கேட்டுட்டு ஏழு செகண்ட் சும்மா இருக்காரில்ல, அங்கதான் நழுவிடறாங்க. அதனால திங்கட்கிழமையிலருந்து அந்த இடைவெளியே இல்லாம கடகடன்னு கொண்டுபோகலாம்னு ஒரு முடிவு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

எத்தனையோ நாளைக்கப்புறம் அவளுக்கு உறைத்தது இது ஒன்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதையே அவரிடம் நேரில் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர்கள் இவர்கள். அவரிடம் ஜபம் பலிக்கவில்லை, இப்போது இவளிடம் வந்திருக்கிறார்கள்.

“வேண்டாம்மா. அதுல மட்டும் கை வைக்காதீங்க.”

“கோச்சுக்காதீங்க மேடம். நானே உட்கார்ந்து பார்த்துட்டேன். அந்த ஏழு செகண்டுல ஒருத்தர்கூடப் பதில் சொல்றதில்ல. சும்மா காலியாக் கிடக்கு. யாருக்காக அதை வச்சிருக்கணும்?”

முன்னறையில் அடுத்த கேள்வி வந்து விழுந்தது.

“இதுவரைக்கும் சொன்னதுல யாருக்காவது சந்தேகம் இருக்கா?”

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு முன்னறைப் பக்கம் திரும்பினாள். “இனிமே இடைவெளி வேண்டாம்கறாங்க. என்ன சொல்லட்டும்?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

“சரி, மேல போவோம்,” என்றார் அவர்.

அது போனிலும் கேட்டிருக்க வேண்டும். அவள் போனைத் திரும்பக் காதில் வைத்தாள்.

“அவர் எப்பவும் அப்படித்தான் சொல்வார், நீங்க அதை எடுத்துக்காதீங்க,” என்றாள். “அவர் தவறிப்போய்ப் பதினோரு மாசம் ஆச்சும்மா. பதிவுல வர்ற அந்த ஏழு செகண்டுலதான் நாங்க பேசிக்கறோம்.”