ரந்தாவின் திருட்டுப் புகார்

போன தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்து கோயில் படி இறங்கும்போது நுஹாத் அக்காவே எனக்கு இதைச் சொன்னார். பெய்ரூத்தில் எங்களுக்கு அடுத்த தெருதான் அவர் வீடு.

"திருடி, ஐயா! மூணு வருஷம் என் ரொட்டியைத் தின்னுட்டு, என் லாக்கர்லயே கை வெச்சுட்டா!"

எதிர்வீட்டு ரந்தா போட்ட சத்தத்தில் போலீஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. சாட்சிக்கு என்று அவள் அழைத்து வந்திருந்த நுஹாத் அக்காவுக்கும் கோபம் பொங்கியது. ரந்தா வீட்டு வேலைக்காரி ஹிருத், எத்தியோப்பியாக்காரி. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பெண். அவளா இப்படி?

"எப்ப நடந்தது?" அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"இன்னிக்குக் காலையில. முடி அலங்காரத்துக்குப் பார்லர் போயிருந்தேன். அவசரத்துல லாக்கரைப் பூட்ட மறந்துட்டேன். வந்து பார்த்தா ஆளைக் காணோம். ரெண்டு மணிக்கு அவங்க ஊருக்கு விமானம் இருக்கு. சீக்கிரம் எழுதி அனுப்பினா விமான நிலையத்துலயே அமுக்கிடலாம்!"

"என்னென்ன போச்சு? நகையா?"

"நகை இருக்கு."

"பணம்?"

"அதை அவ தொடல."

"அப்புறம் எதைத்தாம்மா திருடினா?"

ரந்தா கைப்பையின் வாரைத் திருகினாள். "பாஸ்போர்ட்."

"உங்க பாஸ்போர்ட்டா?"

"அவளோடது. ஆனா என் லாக்கர்ல இருந்தது, ஐயா! என்னைக் கேட்காம எடுக்கலாமா?"

பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

நுஹாத் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் மாடிப்படியில் வைத்து ஹிருத் கேட்டது நினைவுக்கு வந்தது. "எங்கம்மாவுக்குக் கண் மங்கிட்டே வருது. முழுசாப் போறதுக்குள்ள என் முகத்தைப் பார்க்கணுமாம். மதாம்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்." அக்காவும் சொன்னார். ஒப்பந்தம் முடிஞ்சிடுச்சே, அனுப்பக் கூடாதா என்று கேட்டார். கிறிஸ்துமஸ் போகட்டும் என்றாள் ரந்தா. கிறிஸ்துமஸ் போனது. ஈஸ்டர் வரட்டும் என்றாள்.

"திருட்டுன்னு எழுத முடியாது," என்றார் அதிகாரி. "வேணும்னா, எஜமானி அனுமதியில்லாம ஓடிப்போயிட்டான்னு எழுதறேன். அதுக்கே பிடிச்சு உள்ளே வைக்கலாம். ஓடினதைப் பார்த்தது யாரு?"

"இதோ, இவங்கதான்! சொல்லுங்க அக்கா!"

காலையில் அக்கா பார்த்தது உண்மைதான். கையில் ஒரு துணிப்பையோடு படி இறங்கிய ஹிருத், அவரைக் கண்டதும் நின்றாள். "எனக்காக வேண்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"எழுதுங்க ஐயா," என்றார் அக்கா. "அவ ஓடல. தன் காலால நடந்து போனா. என்கிட்டச் சொல்லிக்கிட்டு, தன்னோட பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு, நடந்துதான் போனா. அப்படி எழுதினா கையெழுத்துப் போடறேன்."

"அக்கா! நீங்களுமா?"

"நீ பேசாதே ரந்தா! பெத்தவளுக்குப் பார்வை போகுதுன்னு அழுத பொண்ணோட பாஸ்போர்ட்டை உன் வளையலோட சேர்த்துப் பூட்டி வெச்சியே, அவ என்ன நீ வாங்கின பாத்திரமா? ஞாயிற்றுக்கிழமை கோயில்ல எந்த முகத்தோட நற்கருணை வாங்குவே?"

அதிகாரி பேனாவை மூடினார். "சாட்சி இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது. போயிட்டு வாங்க."

ரந்தா தன் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டாள். அக்கா வாடகைக் காரில் ஏறினார். கோபம் ஆறவில்லை. ஓட்டுநரிடமே கொட்டினார்.

"ஒரு பொம்பளையை அடைச்சு வைக்க இவ யாரு தம்பி? கடவுளே இவ கையில எழுதிக் கொடுத்துட்டாரா?"

"சரியாக் கேட்டீங்கம்மா."

வீட்டு வாசலில் இறங்கும்போது மணி இரண்டே கால். தலைக்கு மேலே ஒரு விமானம் ஏறிப் போனது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவே, அந்தப் பிள்ளையை அம்மாகிட்டக் கொண்டு சேர்த்துடு."

மூன்றாவது மாடி. கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். வெளியே போகும்போதெல்லாம் வழக்கமாகச் செய்வதுபோல் இரண்டு சுற்றுப் பூட்டிவிட்டுப் போன கதவை, இரண்டு சுற்றுத் திறந்தார்.

அவர் வீட்டு வேலைக்காரி மரிபெல், கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"மதாம்," என்றாள் ஆவலாக, "ஹிருத் தப்பிச்சுட்டாளா?"

இதைக் கேட்கிற தாய்மாரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை கடைத்தெருவுக்குப் போகும்போது, உங்கள் வீட்டுக்கு இன்னொரு சாவி செய்து, அங்கே வேலை செய்கிற பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள்.