காக்கை நம்பிய டிஸ்க்

மகளின் முதல் சிரிப்பு அவள் கிழவியான பிறகும் கேட்க வேண்டும். எந்த டிஸ்க் தாங்கும் என்று ஜெசிந்தா விசாரித்தாள். கடைக்காரர் மூன்று கம்பெனிகளைக் காட்டி, "எல்லாமே நூறு வருஷம் கேரண்டிம்மா" என்றார்.

நூறு வருஷம் இருந்து பார்த்தவர் யார்? மூன்றிலும் சிரிப்பைப் பதிந்து, மொட்டைமாடியில் வடகத்தோடு வெயிலில் காயவைத்தாள். ஒரே மாதத்தில் முதலாவது ஊமையானது. இரண்டாவதில் சிரிப்பு பாதியில் விக்கியது. மூன்றாவதைக் காகம் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

வேப்பமரத்தில் ஏறிய கணவன் அமலன் வெறுங்கையோடு இறங்கினான்.

"கூட்டுலதான் இருக்கு. அதுமேல நாலு முட்டை. எடுக்க மனசு வரலை."

ஜெசிந்தா அண்ணாந்து பார்த்தாள். இலைகளுக்குள் ஏதோ மினுங்கியது.

"அப்ப அந்தக் கம்பெனியிலேயே பத்து வாங்கிட்டு வாங்க" என்றாள். "காக்காவே நம்பி முட்டை போட்டிருக்கே!"