இரண்டாவது கேள்வி

நாய்க்கடி ஊசி மேசை மேல் இருந்தது. நர்ஸ் அதைத் தொடவில்லை.

தாத்தாவின் மடியில் மகன் வழி இளைய பேத்தி. முழங்காலுக்குக் கீழே பல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்கள்.

கடித்த நாய் காலையில் செத்துக் கிடந்தது.

புதுச் சட்டம் வந்த பிறகு நர்ஸுகள் இப்படித்தான். தடுப்பூசியால் கெடுதல் வந்தால் போட்டவருக்குச் சிறை. அதனால் முதலில் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். பதிலை வெளியாள் ஒருவர் சாட்சியாகக் காதால் கேட்க வேண்டும்.

வெளியாளாக, மகளின் மாமனாரான சம்பந்தி நின்றார். அவர் காரில்தான் வந்திருந்தார்கள்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது வலிப்பு உண்டாங்க, ஐயா?"

முன்பு இதே அறையில் பொன்மலர் என்ற நர்ஸும் இதைக் கேட்டாள். அன்று மடியில் இருந்தவள் மூத்த பேத்தி. எங்கள் வம்சத்தில் அதெல்லாம் கிடையாது என்றார் தாத்தா. ஊசி போட்ட அன்றே குழந்தைக்குக் காய்ச்சலும் வலிப்பும் வந்தன. மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். ரத்தத்தில் இருக்கிறது என்று ஊர் பேசுமுன், ஊசிதான் காரணம் என்று புகார் கொடுத்தார்.

மகளின் கல்யாணம் நடந்தது.

பொன்மலர் சிறையில் இருக்கிறாள்.

"நல்லாக் கேட்ட போ" என்று சம்பந்தி சிரித்தார். "இவங்க வீட்டப் பத்தி எனக்குத் தெரியாதா? விசாரிக்காமயா பொண்ணு எடுத்தோம்? போடும்மா."

நர்ஸ் தாத்தாவின் பக்கம் திரும்பினாள்.

"இருந்தாச் சொல்லிடுங்க, ஐயா. காய்ச்சல் வராமப் பாத்துக்கலாம். பொன்மலரக்கா உங்க வார்த்தைய நம்பித்தான் போட்டாங்க."

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். கிணற்றடியில் கால் வழுக்கி விழுந்து செத்தான் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தார்கள்.

பேத்தி அவருடைய சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என் தம்பிக்கு இருந்துச்சு."

சம்பந்தியின் சிரிப்பு நின்றது.

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாவது கேள்வியைத் தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி உங்க வீட்டுல யாருக்காவது ஊசியால கெடுதல் ஆகியிருக்கா?"

இதற்கு அவர் கோர்ட்டில் கூண்டேறி ஆமாம் என்று பதில் சொல்லியிருந்தார். உரக்கச் சொல்லியிருந்தார்.

பேத்தியின் சட்டைக் கையை மேலே சுருட்டினார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"இல்லை."

நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்தாள். சம்பந்தியின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா, ஐயா?"