மீட்க முடியாத கணக்கு

அடையாள அட்டையில் இருந்த முகம் எதிரே நின்றவனுடையது இல்லை. சொராய்தா அட்டையைக் கண்ணாடி மேசை மேல் வைத்து, ஒற்றை விரலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"யாருது இது, காசெரோ?" வாடிக்கையாளர் எல்லாரும் அவளுக்குக் காசெரோதான்.

"என்னுதுதான், செஞோரா. வில்மெர் யாக்டா. கணக்கும் அதே பேர்லதான் இருக்கு, பாருங்க."

"பேர் சரி. போட்டோவுல இருக்கறவருக்குக் கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி இருக்கே. நீங்க பன்னையே பார்த்ததில்லைங்கற மாதிரி இருக்கீங்க!"

பக்கத்துக் கடையில் கைபேசி பழுது பார்த்துக்கொண்டிருந்த ஹசிந்தோ களுக்கென்று சிரித்தான்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது" என்றான் வில்மெர். மாடி ஏறி வந்ததில் இன்னும் மூச்சு வாங்கியது. கேட்காமலே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான்.

லிமா நகரின் நடுவே இருந்த அந்தக் கடைத்தொகுதியில் வீடியோ விளையாட்டுக் கணக்குகளை வாங்கி விற்பது சொராய்தாவின் தொழில். அண்ணன் கணக்கைத் தம்பி கொண்டுவருவதும், புருஷன் கணக்கைக் கோபத்தில் மனைவி கொண்டுவருவதும் அவளுக்குப் பழகிய காட்சிகள். அவள் பார்வை அவன் இடுப்புக்குப் போனது. பெல்ட்டில் ஆணியால் குத்திய நாலு புது ஓட்டைகள்.

"பெல்ட்டும் அந்தப் பன்னு அண்ணனோடதுதானா?"

அவன் கைபேசியில் கணக்கைத் திறந்து அவளிடம் நீட்டினான். இருநூற்றுப் பதினொரு விளையாட்டுகள். எல்லாமே இணையத்தில் பணம் கட்டி இறக்கியவை.

"டிஸ்க்கா வாங்கினதையெல்லாம் போன மாசமே வித்துட்டேன். அரை நாள்ல வித்துப்போச்சு. இதுதான் மிச்சம். பதினோரு வருஷச் சம்பளத்துல வாங்கினது."

"வாங்கினீங்களா? விதியைப் படிச்சீங்களா? விளையாட மட்டும்தான் கம்பெனிக்காரன் அனுமதி குடுத்திருக்கான். விக்கவும் கூடாது, பெத்த பிள்ளைக்கு எழுதி வைக்கவும் கூடாது."

"தெரியும். அவனுக்கு மூணு தடவை எழுதிக் கேட்டுட்டேன். அதான் உங்ககிட்ட வந்தேன். என் பொண்ணு யாமிலேவுக்குப் பள்ளிக்கூடத்துல சேர்க்கைப் பணம் கட்டணும். ஏப்ரல் கடைசி வரைக்கும்தான் பொறுப்பாங்களாம். அப்புறம் அவ இடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்துடுவாங்க."

"என்கிட்ட வர்ற எல்லாருக்கும் ஒரு பொண்ணு இருக்கு, காசெரோ."

அப்போது கறுப்பு உடை அணிந்த ஒரு பெண் வந்தாள். ஒரு காகிதத்தையும், கடவுச்சொல் எழுதிய சீட்டையும் நீட்டினாள். சொராய்தா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முத்திரையை நகத்தால் சுரண்டினாள். கணக்கைத் திறந்து, "அறுபது" என்று எண்ணி முடித்தாள். பிறகு மறுபேச்சில்லாமல் தொள்ளாயிரம் சோல் எடுத்துக் கொடுத்தாள்.

"கம்பெனிக்கு மட்டும் சொல்லிடாதீங்க, கண்ணு. ஆள் போயிட்டார்னு தெரிஞ்சா கணக்கை மூடிடுவான்."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போனாள்.

"அதுல அறுபது விளையாட்டுதான் இருந்துச்சு" என்றான் வில்மெர். "என்னுதுல இருநூறுக்கு மேல இருக்கு. அவங்களுக்கு மட்டும் ஏன்?"

"அவ புருஷன் செத்துட்டான். சான்றிதழ் இருக்கு. செத்தவன் கணக்கை மீட்க வரமாட்டான்." சொராய்தா வறுத்த சோளத்தை வாயில் போட்டுக்கொண்டாள். "உயிரோட இருக்கறவன் வருவான். இன்னிக்குப் பணத்தை வாங்கிட்டுப் போவான், அடுத்த வாரம் கம்பெனிக்கு எழுதுவான், 'என் கணக்கை யாரோ திருடிட்டாங்க'ன்னு. முதல்ல வாங்கின ரசீது அவன்கிட்டதானே இருக்கு? கணக்கு அவனுக்கே போயிடும். என்கிட்ட வாங்கினவன் இங்க வந்து கண்ணாடியை உடைப்பான். ரெண்டு தடவை மாத்திட்டேன் இந்தக் கண்ணாடியை."

"நோட்டரிகிட்ட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"விக்கறதே தப்புங்கறான். அந்தக் கடுதாசியை எந்தக் கோர்ட்டுல கொண்டுபோய்க் காட்டுவேன்?"

"பாதி விலை குடுங்க."

"கால் விலைக்கும் வேண்டாம்."

"செஞோரா, நான் மீட்க மாட்டேன். சத்தியமா சொல்றேன்."

"கண்ணாடியை உடைக்க வெச்ச ரெண்டு பேரும் இப்படித்தான் சத்தியம் பண்ணாங்க. ஒருத்தன் மாதா படத்தைத் தொட்டே பண்ணான்." சொராய்தா அட்டையை எடுத்து அவன் சட்டைப் பையில் செருகினாள். "போங்க காசெரோ, செத்ததுக்கு அப்புறம் வாங்க. இருநூறு விளையாட்டுக்கு மூவாயிரம் சோலே தரேன்!"

ஹசிந்தோ இந்த முறை ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். சொராய்தாவும் சிரித்தாள்.

வில்மெர் சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தான். பிறகு மேசையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தான்.

"மூவாயிரம்னு சொன்னீங்களே, ஏப்ரல் கடைசி வரைக்கும் அந்த விலை மாறாதே?"

"மாறாது, மாறாது. ஆனா தெருமுனைல அடிச்சுத் தர்ற கள்ளச் சான்றிதழ் என்கிட்ட செல்லாது. இப்பவே சொல்லிட்டேன்."

"ஒரிஜினல்தான், செஞோரா. என் பொண்டாட்டி கொண்டு வருவா."