காலி நிலம்

ஓக்லஹோமாவின் ஏப்ரல் காற்று மைதானத்துப் புல்லைப் படியச் சீவிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் எட்டாம் வகுப்பு மொத்தமும் காகிதக் கொடி ஒட்டிய குச்சிகளோடு நிற்கிறது. விசில் ஊதியதும் ஓடிப்போய், பிடித்த இடத்தில் கொடியை நட வேண்டும். வரலாற்றுப் பாடத்தில் அதற்கு இருபது மதிப்பெண். மேடி ஃபிக்ஸிகோ மட்டும் கோட்டைத் தாண்டி, புல்லுக்கு நடுவில், வெறுங்கையோடு நிற்கிறாள். "கோட்டுக்குப் பின்னால வா மேடி. அந்தக் காலத்துல குடியேற வந்தவங்க காலி நிலத்தைப் பிடிக்க ஓடின மாதிரி நாமளும் ஓடப்போறோம், அவ்வளவுதான்," என்கிறார் ஹாஸ்கின்ஸ் சார். "காலியா எங்க சார் இருந்துச்சு? எங்க மஸ்கோகி பழங்குடி ஜனங்க நிலம் இது. துரத்திட்டுத்தானே பிடுங்கினாங்க." "அது போன பாடம்மா. அதுக்குத்தான் டெஸ்ட் வச்சு முடிச்சாச்சே." விசில் அலறுகிறது. வகுப்பு மொத்தமும் அவளை நோக்கிப் பாய்ந்து வருகிறது. அவள் இம்மியும் அசையாமல் நிற்கிறாள். மத்தியானம் அவளோடு ஒரே தட்டில் உருளைக்கிழங்கு வறுவல் தின்ற பெய்ஜ், மூச்சிரைக்க வந்து குனிகிறாள். கொடிக்குச்சி மேடியின் ஷூ நாடாவைக் குத்திக்கொண்டு மண்ணில் இறங்குகிறது. "கொஞ்சம் தள்ளிக்கோடி," என்கிறாள் பெய்ஜ், முகத்தைப் பார்க்காமல். "இது என் இடம்."