மேலாளரின் ஜலதோஷம்

மூன்று பேருக்கும் ஒரே குற்றத்துக்காக மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, நான்காவது ஆள் வருவதற்காகக் காத்திருந்தார் நீச்சல் குளத்தின் மேலாளர்.

குற்றம் வேறொன்றுமில்லை. வால் பிடித்தல்.

மதிப்பீட்டுப் படிவத்தில் அப்படி அப்பட்டமாக எழுத முடியுமா? 'ஓய்வு வேளையில் ஓய்வெடுப்பதில்லை' என்று நாசூக்காக எழுதியிருந்தார். களைத்த கண் தண்ணீரைச் சரியாகப் பார்க்காது என்பதால் அதுவும் ஒரு குறைதான்.

உயிர்காப்பாளர்கள் நால்வரும் வேலையில் சூரர்கள், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. குளத்தில் ஒரு குழந்தை புரையேறி இருமினால்கூட நாலு தலையும் திரும்பும்.

ஆனால் அவர் கையில் அட்டையை எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றிவரக் கிளம்பினால் போதும். ஓய்வில் இருப்பவர் பாதி குடித்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்து ஒட்டிக்கொள்வார்.

ஒரு வாரம் நெட்டை. அடுத்த வாரம் மீசைக்காரர். அதற்கடுத்த வாரம் புதிதாய்ச் சேர்ந்த பெண்.

பேச்சு ஒன்றும் இருக்காது. அவருக்கும் தண்ணீருக்கும் நடுவில், அவர் நின்றால் நின்று, நடந்தால் நடந்து கூடவே வருவார்கள்.

முதலில் அது அவருக்குக் கொஞ்சம் இனித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "என்னைக் கண்டா அவ்வளவு மரியாதை" என்று வீட்டில் பீற்றிக்கொண்டிருக்கிறார். அவருடைய இடது சட்டைக்கையில் மட்டும் தினமும் ஒட்டிக்கொண்டு வரும் சுவர்ச் சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டே மனைவி சிரித்தாள்.

மனைவிக்கு விஷயம் தெரியும். அவருக்கு நீச்சல் தெரியாது.

வேலைக்குச் சேரும்போது ஆட்களை மேய்க்கத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். கேட்காத கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்வானேன் என்று அவரும் இருந்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் 'நீந்தத் தெரியாதவர்களுக்குக் குளத்தோரம் வேலை இல்லை' என்று தலைமை அலுவலகம் விதி போட்டது. அறிவிப்புப் பலகையில் அந்த விதியின் கீழே இருப்பது அவருடைய கையெழுத்து.

வருடாந்தரப் பயிற்சி நாளில் எல்லோரும் தண்ணீரில் குதிப்பார்கள். மேலாளருக்கு மட்டும் அன்றைக்கென்று பார்த்து ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும். எல்லா வருடமும்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார் நான்காவது ஆள். பெயரைவிட 'விசில்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நால்வரில் மூத்தவர் அந்த அம்மாள்தான்.

குழுத் தலைவர் பதவிக்கு மேலாளரின் மனதில் இருந்தவரும் அவர்தான். ஆனால் இந்த வாரம் மறுபடியும் அவரும் டீயை வைத்துவிட்டுப் பின்னாலேயே வருகிறார். அவரையும் கழித்துவிட்டால் பதவிக்கு வெளியாள் வந்துவிடுவார்.

"வாங்கம்மா, நடந்துக்கிட்டே பேசலாம்" என்று அட்டையோடு எழுந்தார் மேலாளர்.

வெளியே வந்த மறுகணமே விசில் அவரைச் சுற்றிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போனார்.

மேலாளருக்குச் சுருக்கென்றது. "நீங்களுமா? நான் அந்தப் பக்கம் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று வீம்புக்கு அவரைத் தாண்டி, சேர்ந்த நாளிலிருந்து கால் வைத்திராத விளிம்பில் போய் நின்றார்.

ஆழமான பக்கம் அது. ஓடு ஈரமாக இருந்தது. குதிகால் வழுக்கியது.

அந்த நொடியிலேயே, அவருடைய முழங்கையை ஒரு கை கெட்டியாகப் பிடித்திருந்தது. அவர் வழுக்குவதற்கு முன்பே அது அங்கே வந்து காத்திருந்த மாதிரி இருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். எதிர்க்கரையில் காவல் இருக்கையிலிருந்த நெட்டை ஒரு காலை ஏணிப்படிக்கு இறக்கியிருந்தான். மீசைக்காரர் மிதவையைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். புதுப் பெண் ஊதலை உதட்டில் வைத்திருந்தாள். இவர் நேராக நின்றதும் மூவரும் ஒன்றுமே நடக்காதது போலக் குளத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"இது என் வாரம் சார்" என்றார் விசில், பிடியை விடாமல். "போன வாரம் அந்தப் பொண்ணு. உங்களுக்கு மொதல் ஜலதோஷம் வந்ததுலேர்ந்து நாங்க முறை வச்சுத்தான் வரோம்."



அத்தனை வருடமும் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலிடத்தில் சொல்லவும் இல்லை. எத்தனை டீ குடிக்காமல் ஆறிப்போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்.

அட்டையிலிருந்த மூன்று படிவங்களையும் உருவிக் கிழித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். இனி எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். குழுத் தலைவர் யார் என்பதில் மட்டும் யோசிக்க ஒன்றும் இல்லை.

விசில் அவரை மெல்லச் சுவர்ப் பக்கம் நகர்த்தி நிறுத்தினார்.

"நாளைக்குப் பயிற்சி நாள். நீங்க மட்டும் விடியக்காலையிலயே வந்துடுங்க சார். குழந்தைங்க குளம் காலியா இருக்கும். தண்ணி முழங்காலளவுதான்."

மேலாளர் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

ஒரு தும்மலுக்கு எவ்வளவோ முயன்று பார்த்தார். வரவில்லை.