சார்பதிவாளர் வாசித்த வரி

பதிவுத் திருமணத்தில் கையெழுத்துக்கு முன்னால் அந்த வரியை எல்லோரும் கேட்க வாசிக்க வேண்டும் என்பது 2049-ஆம் ஆண்டு விதி. சார்பதிவாளர் வாசித்தார்: “திருமணம் சம்மதம் ஆகாது. மனைவி விரும்பாதபோது வற்புறுத்திக் கூடினால், கணவனானாலும் அது பாலியல் வன்புணர்வே.”

மணமகனின் அம்மா தனபாக்கியம் கையைத் தூக்கினாள். “இது புதுசா கட்டிக்கிறவங்களுக்கு மட்டுமா சார்?”

“எல்லாருக்கும்தாம்மா. முன்னாடி சட்டத்துல புருஷனுக்கு விலக்கு இருந்துச்சு. எடுத்துட்டாங்க.”

“கட்டி முப்பது வருஷம் ஆனவங்களுக்கும்?”

“ஆமாம்மா.”

“அப்ப இன்னொரு தரம் படிங்க. இவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.”

பக்கத்திலிருந்த கணவருக்குக் காது நன்றாகவே கேட்கும். சார்பதிவாளர் மறுபடியும் உரக்க வாசித்தார். கணவர் தரையைப் பார்த்தபடி முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

அன்றைய விருந்தில் தனபாக்கியம் பாயசத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.